துத்தநாக முலாமின் தடிமன்

துத்தநாக முலாமின் தடிமன் என்பது, இரும்பு அல்லது எஃகுப் பொருள் துருப்பிடிக்காமல் இருப்பதற்காக அதன் மேற்பரப்பில் ஏற்றப்படும் துத்தநாகப் பூச்சின் கனத்தைக் குறிக்கும் அளவாகும். இது பொதுவாக மைக்ரோமீட்டரில் அளக்கப்படுகிறது. தொழிலகங்களில் இதனை மைக்ரான் என்றும் கூறுவர். ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கே ஒரு மைக்ரோமீட்டர் ஆகும்.

கூரைத் தகடு, தண்ணீர்க் குழாய், வேலிக் கம்பி, மின்கோபுரம், தெருவிளக்குக் கம்பம், நெடுஞ்சாலைத் தடுப்பு, போல்ட், நட் எனப் பல பொருள்கள் துத்தநாக முலாம் பூசப்பட்டே விற்பனைக்கு வருகின்றன. பேச்சு வழக்கில் இவை ஜி.ஐ. தகடு, ஜி.ஐ. பைப், ஜி.ஐ. கம்பி என வழங்கப்படுகின்றன. கடையில் அருகருகே நிற்கும் இரண்டு தகடுகள் ஒரே கனமும் ஒரே பளபளப்பும் கொண்டிருந்தாலும், ஒன்றின் மீதுள்ள துத்தநாகம் மற்றொன்றைப் போல் இரு மடங்கு இருக்கக்கூடும். எஃகு எத்தனை ஆண்டுகள் துருப்பிடிக்காமல் இருக்கும் என்பதைப் பெரும்பாலும் இந்த வேறுபாடே முடிவு செய்கிறது. எனினும், தடிமன் கூடக்கூட எல்லாப் பண்புகளும் மேம்படுவதில்லை. வளையும் தன்மை, பற்றவைக்கும் வசதி, மரை பொருந்துதல் போன்றவை தடிமன் மிகும்போது குறையலாம். ஆகவே, பொருளின் பயனுக்கும் அது நிற்கும் சூழலுக்கும் ஏற்ற தடிமனைத் தெரிவு செய்வது இன்றியமையாதது.

## வரலாறு

இரும்பை உருகிய துத்தநாகத்தில் முக்கிப் பூச்சு ஏற்றலாம் என்பதை 1742இல் பிரெஞ்சு வேதியியலாளர் மலுவான், பிரெஞ்சு அறிவியல் கழகத்தில் எடுத்துரைத்தார். இம்முறையைத் தொழில் முறையாக மாற்றி 1837இல் காப்புரிமை பெற்றவர் பிரெஞ்சுப் பொறியாளர் சோரல் ஆவார். இத்தாலிய அறிவியலாளர் லூயிஜி கால்வானியின் பெயரிலிருந்து இம்முறைக்குக் கால்வனைசிங் என்னும் பெயர் ஏற்பட்டது. ஆயினும் இம்முறையைக் கண்டறிந்தவர் கால்வானி அல்லர்.

## துத்தநாகம் எஃகைக் காக்கும் விதம்

துத்தநாகப் பூச்சு எஃகை இரண்டு வழிகளில் காக்கிறது.

தடுப்பாக இருத்தல்: நீரும் ஆக்சிசனும் எஃகைத் தொடாதவாறு பூச்சு மறைத்து நிற்கிறது. காற்றில் வைக்கப்பட்ட துத்தநாகத்தின் மேல் முதலில் துத்தநாக ஆக்சைடும், ஈரம் பட்டதும் துத்தநாக ஐதராக்சைடும் உருவாகின்றன. பின்னர் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடுடன் வினைபுரிந்து காரத் துத்தநாகக் கார்பனேட்டு என்னும் சாம்பல் நிறப் படலம் உண்டாகிறது. இது நீரில் எளிதில் கரையாது. புதிய ஜி.ஐ. தகடு சில மாதங்களில் பளபளப்பு இழந்து மங்குவது இப்படலத்தால்தான். இது கேடு அன்று, பாதுகாப்பின் அடையாளமே ஆகும்.

தன்னை இழந்து காத்தல்: துத்தநாகத்தின் திட்ட மின்முனை அழுத்தம் −0.76 வோல்ட்டு. இரும்பின் மதிப்பு −0.44 வோல்ட்டு. எனவே இரண்டும் தொட்டுக்கொண்டு ஈரத்தில் இருக்கும்போது துத்தநாகம் நேர்மின்வாயாகச் செயல்பட்டு முதலில் கரைகிறது. இரும்பு எதிர்மின்வாயாக மாறிக் காக்கப்படுகிறது. பூச்சில் கீறல் விழுந்து எஃகு வெளியே தெரிந்தாலும், சுற்றியுள்ள துத்தநாகம் அந்த இடத்தைக் காக்க முடிவது இதனால்தான். சாதாரண வண்ணப்பூச்சில் கீறல் விழுந்தால் துரு கீறலுக்கு அடியில் பரவிப் பூச்சையே தூக்கிவிடும்.

இவ்விரு வழிகளிலும் துத்தநாகம் சிறிது சிறிதாகச் செலவாகிக்கொண்டே இருக்கிறது. வங்கியில் போட்ட பணத்தை ஆண்டுதோறும் குறிப்பிட்ட அளவு எடுத்துச் செலவு செய்வதற்கு இதனை ஒப்பிடலாம். முதலில் எவ்வளவு இருந்தது, ஆண்டுக்கு எவ்வளவு செலவாகிறது என்னும் இரண்டும் தெரிந்தால், எத்தனை ஆண்டுகள் தாங்கும் என்று கணக்கிட்டுவிடலாம்.

## தடிமனைக் குறிப்பிடும் முறைகள்

முலாமின் அளவு இரண்டு வகையாகக் குறிப்பிடப்படுகிறது.

- முக்கி எடுக்கப்பட்ட கட்டுமானப் பொருள்களுக்குத் தடிமன் மைக்ரோமீட்டரில் தரப்படுகிறது.
- தகடுகளுக்கு, ஒரு சதுர மீட்டர் தகட்டில் எத்தனை கிராம் துத்தநாகம் உள்ளது என்பது தரப்படுகிறது. வணிகர்கள் இதனை ஜி.எஸ்.எம். என்பர்.

துத்தநாகத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 7.14 கிராம். ஆகவே ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மைக்ரோமீட்டர் தடிமனுக்கு 7.14 கிராம் துத்தநாகம் தேவை. தகடுகளில் குறிப்பிடப்படும் எடை இரு பக்கங்களையும் சேர்த்தது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

எடுத்துக்காட்டாக, 275 ஜி.எஸ்.எம். தகட்டில் ஒரு பக்கத்திற்கு 137.5 கிராம் இருக்கும். அதனை 7.14ஆல் வகுத்தால் ஒரு பக்கத் தடிமன் ஏறத்தாழ 19 மைக்ரோமீட்டர். 120 ஜி.எஸ்.எம். தகட்டில் ஒரு பக்கத்திற்கு 60 கிராம், தடிமன் 8.4 மைக்ரோமீட்டர் மட்டுமே. இரண்டும் 0.5 மில்லிமீட்டர் கனமுள்ள தகடுகளாக இருந்தால், கையால் தொட்டோ கண்ணால் பார்த்தோ வேறுபாட்டை அறிய முடியாது. துத்தநாக முலாம் பூசிய தகடுகளுக்கான இந்தியத் தர விவரக்குறிப்பு ஐ.எஸ். 277 ஆகும்.

பூச்சுப் பொருள் மாறினால் கிராம் கணக்கை நேரடியாக ஒப்பிடக் கூடாது. 55 விழுக்காடு அலுமினியமும் எஞ்சியதில் பெரும்பகுதி துத்தநாகமும் கொண்ட கலவைப் பூச்சுத் தகடுகள் இப்போது கூரைகளுக்கு மிகுதியாகப் பயன்படுகின்றன. இக்கலவையின் அடர்த்தி ஏறத்தாழ 3.75 மட்டுமே. எனவே இதில் 150 ஜி.எஸ்.எம். என்பதே ஒரு பக்கத்திற்கு 20 மைக்ரோமீட்டர் தடிமனைத் தந்துவிடும். எடையில் 275ஐ விடக் குறைவாக இருந்தாலும் தடிமனில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே.

## பூச்சு முறையும் தடிமனும்

### தனிப் பொருள்களை முக்கி எடுத்தல்

வெட்டி, பற்றவைத்து, துளையிட்டு முடிக்கப்பட்ட எஃகுப் பொருள் முதலில் எண்ணெய்ப் பசை நீக்கப்பட்டு, அமிலத்தில் துரு நீக்கப்பட்டு, இளக்கிக் கரைசலில் நனைக்கப்படுகிறது. பின்னர் ஏறத்தாழ 450 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் உருகியுள்ள துத்தநாகத் தொட்டியில் முக்கப்படுகிறது. துத்தநாகத்தின் உருகுநிலை 419.5 பாகை செல்சியஸ் ஆகும்.

தொட்டிக்குள் துத்தநாகம் எஃகின் மேல் வெறுமனே ஒட்டிக்கொள்வதில்லை. இரும்பும் துத்தநாகமும் வினைபுரிந்து அடுக்கடுக்காகக் கலப்புலோகங்களை உண்டாக்குகின்றன. எஃகிலிருந்து வெளிநோக்கி அவை வருமாறு:

- காமா அடுக்கு: மிக மெல்லியது; இரும்பு மிகுந்தது. விக்கர்ஸ் கடினத்தன்மை ஏறத்தாழ 250.
- டெல்ட்டா அடுக்கு: ஏறத்தாழ 10 விழுக்காடு இரும்பு கொண்டது. கடினத்தன்மை 245 அளவு.
- சீட்டா அடுக்கு: ஏறத்தாழ 6 விழுக்காடு இரும்பு கொண்டது. கடினத்தன்மை 180 அளவு.
- ஈட்டா அடுக்கு: ஏறக்குறையத் தூய துத்தநாகம், மென்மையானது. கடினத்தன்மை 70 அளவு.

சாதாரண மென் எஃகின் கடினத்தன்மை 160 அளவு. ஆகவே நடுவிலுள்ள அடுக்குகள் எஃகை விடக் கடினமானவை, உராய்வைத் தாங்குபவை. மேலுள்ள மென்மையான அடுக்கு சிறு மோதல்களை ஏற்றுக்கொள்கிறது.

கனமான எஃகுப் பொருள் தொட்டியின் வெப்பநிலையை அடைய அதிக நேரம் முக்கி வைக்க வேண்டியிருப்பதால் அதன் மேல் பூச்சும் தடிக்கிறது. பன்னாட்டுத் தரமான ஐ.எஸ்.ஓ. 1461 கேட்கும் குறைந்த அளவுகள் இதனைக் காட்டுகின்றன.

| எஃகின் கனம் | சராசரித் தடிமன் (மைக்ரோமீட்டர்) | ஓரிடத் தடிமன் (மைக்ரோமீட்டர்) |
|---|---|---|
| 6 மி.மீ.க்கு மேல் | 85 | 70 |
| 3 மி.மீ.க்கு மேல், 6 மி.மீ. வரை | 70 | 55 |
| 1.5 முதல் 3 மி.மீ. வரை | 55 | 45 |
| 1.5 மி.மீ.க்குக் குறைவு | 45 | 35 |

சராசரியோடு ஓரிடத் தடிமனும் கேட்கப்படுவதற்குக் காரணம் உண்டு. துரு முதலில் தோன்றுவது பூச்சு மிக மெலிந்த இடத்தில்தான். ஒரு பக்கம் 120, மறு பக்கம் 20 என இருந்தால் சராசரி 70 ஆக இருந்தும் பயனில்லை.

முக்கு முறையின் மற்றொரு சிறப்பு, விளிம்புகளில் பூச்சு மெலியாமல் இருப்பதாகும். வண்ணப்பூச்சு காயும்போது கூரிய விளிம்புகளிலிருந்து விலகி மெலிந்துவிடும். கலப்புலோக அடுக்குகளோ மேற்பரப்புக்குச் செங்குத்தாக வளர்வதால் விளிம்புகளிலும் அதே தடிமன் கிடைக்கிறது.

### தொடர் தகட்டு முறை

சுருளாக வரும் மெல்லிய தகடு, நில்லாமல் ஓடியபடியே துத்தநாகத் தொட்டிக்குள் சில வினாடிகள் மட்டும் மூழ்கி வெளியேறுகிறது. தொட்டியில் ஏறத்தாழ 0.2 விழுக்காடு அலுமினியம் சேர்க்கப்படுகிறது. இது எஃகின் மேல் மிக மெல்லிய இரும்பு-அலுமினியப் படலத்தை உண்டாக்கி, கடினமான கலப்புலோக அடுக்குகள் வளர்வதைத் தடுக்கிறது. எனவே பூச்சு முழுவதும் மென்மையான துத்தநாகமாகவே இருக்கும். தகட்டை மடித்தாலும் வளைத்தாலும் உதிராது. மேலே எழும் தகட்டின் இரு பக்கமும் அழுத்தக் காற்றைப் பீய்ச்சி, மிகுதியான துத்தநாகத்தை வழித்தெடுப்பர். இக்கருவிக்குக் காற்றுக் கத்தி என்று பெயர். காற்றழுத்தம், தூரம், தகட்டின் வேகம் ஆகியவற்றை மாற்றித் தடிமனைக் கட்டுப்படுத்துகின்றனர்.

இத்தகடுகளில் காணப்படும் பூப்போன்ற படிகக் கோலத்தைக் கொண்டு பூச்சின் தடிமனை மதிப்பிடுவது சரியன்று. அக்கோலத்தின் அளவு, துத்தநாகத்தில் கலந்துள்ள பிற தனிமங்களையும் குளிரும் வேகத்தையும் பொறுத்தது.

### மின்முலாம்

சிறு போல்ட், நட், திருகாணி, கீல் போன்றவை பெரும்பாலும் மின்னாற்பகுப்பு முறையில் முலாம் பூசப்படுகின்றன. மின்னோட்டத்தின் அளவையும் நேரத்தையும் கொண்டு தடிமனைத் துல்லியமாக வைக்க முடியும். பொதுவாக 5 முதல் 12 மைக்ரோமீட்டர் வரை ஏற்றப்படும். பளபளப்பு மிகுந்த இப்பூச்சு வீட்டுக்குள் பயன்படுத்த ஏற்றது. கூரைக்கு வெளியே மழையிலும் உப்புக்காற்றிலும் நெடுநாள் நிற்காது.

## தடிமனும் ஆயுளும்

துத்தநாகம் காற்றில் ஏறக்குறையச் சீரான வேகத்தில் குறைவதால், பூச்சின் ஆயுள் அதன் தடிமனுக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது. தடிமன் இரட்டித்தால் ஆயுளும் ஏறத்தாழ இரட்டிக்கும். குறையும் வேகம் சூழலைப் பொறுத்தது. ஐ.எஸ்.ஓ. 9223 என்னும் தரம் சூழல்களைப் பின்வருமாறு வகைப்படுத்துகிறது. அடைப்புக்குறிக்குள் இருப்பது ஆண்டுக்கு இழக்கப்படும் துத்தநாகத்தின் தடிமன், மைக்ரோமீட்டரில்.

- சி1: உலர்ந்த உட்புற அறைகள் (0.1 வரை)
- சி2: மாசு குறைந்த ஊர்ப்புறம் (0.1 – 0.7)
- சி3: நகரம், உப்பு குறைந்த கடலோரம் (0.7 – 2.1)
- சி4: தொழிற்பகுதி, நடுத்தர உப்புள்ள கடலோரம் (2.1 – 4.2)
- சி5: ஈரமும் மாசும் மிகுந்த தொழிற்பகுதி, உப்பு மிகுந்த கடலோரம் (4.2 – 8.4)
- சிஎக்ஸ்: மிகக் கடுமையான கடற்சூழல் (8.4 – 25)

ஒப்பிட்டுப் பார்க்க, முலாம் இல்லாத சாதாரண எஃகு சி3 சூழலில் முதல் ஆண்டில் 25 முதல் 50 மைக்ரோமீட்டர் வரை அரிக்கப்படுகிறது.

மேற்கண்ட எண்களைக் கொண்டு தடிமனை வேகத்தால் வகுத்தால், துத்தநாகம் தீரும் வரையிலான தோராயமான ஆண்டுகள் கிடைக்கும்.

| பூச்சு | சி3 சூழல் | சி4 சூழல் | சி5 சூழல் |
|---|---|---|---|
| 120 ஜி.எஸ்.எம். தகடு (8.4 மைக்ரோமீட்டர்) | 4 – 12 ஆண்டு | 2 – 4 ஆண்டு | 1 – 2 ஆண்டு |
| 275 ஜி.எஸ்.எம். தகடு (19 மைக்ரோமீட்டர்) | 9 – 27 ஆண்டு | 4½ – 9 ஆண்டு | 2 – 4½ ஆண்டு |
| முக்கி எடுத்த கனமான எஃகு (85 மைக்ரோமீட்டர்) | 40 – 120 ஆண்டு | 20 – 40 ஆண்டு | 10 – 20 ஆண்டு |

இது எளிய வகுத்தல் கணக்கு மட்டுமே. நிறத்தகடுகளில் உள்ளதுபோல் முலாமின் மேல் வண்ணப்பூச்சு இருந்தால் ஆயுள் நீளும். ஆயினும் அட்டவணை ஒன்றைத் தெளிவாக்குகிறது. உள்நாட்டு ஊர் ஒன்றில் பல ஆண்டுகள் நன்றாக இருந்த அதே தரத் தகடு, கடலோரக் குப்பத்தில் ஓரிரு ஆண்டுகளிலேயே செந்துரு காட்டத் தொடங்கலாம். தகடு போலியாக இருக்க வேண்டியதில்லை. சூழலுக்குத் தடிமன் போதவில்லை என்பதே காரணம். துரு பிடித்த தகடு ஆணி அடித்த இடங்களில் முதலில் வலுவிழக்கும். புயற்காற்று வீசும் கடலோரத்தில் இது வீட்டின் பாதுகாப்பையே பாதிக்கும்.

கூரைத் தகட்டின் மேற்பக்கத்தில் படியும் உப்பை மழை கழுவிவிடுகிறது. இறவாரத்தின் அடிப்பக்கத்தில் படிந்த உப்பு கழுவப்படாமல் தங்கி, இரவுப் பனியில் ஈரமாகி அரிப்பைத் தொடர்கிறது. கடலோரங்களில் தகட்டின் அடிப்பக்கம் முன்னதாகத் துருப்பிடிப்பது இதனால்தான்.

தமிழ்நாட்டில் காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், இத்தகைய அரிமானங்களை ஆராயும் முன்னணி நிறுவனங்களுள் ஒன்று. மண்டபத்தில் அதற்குக் கடல்சார் சோதனை நிலையம் உள்ளது. உலோகத் துண்டுகளைச் சட்டங்களில் பொருத்திக் கடற்காற்றில் வைத்து, குறிப்பிட்ட காலத்திற்குப் பின் எடை இழப்பை அளப்பது இத்தகைய நிலையங்களில் பின்பற்றப்படும் முறையாகும்.

## தடிமன் மிகும்போது ஏற்படும் குறைகள்

உடையும் தன்மை: எஃகிலுள்ள சிலிக்கானின் அளவு பூச்சின் வளர்ச்சியைப் பெரிதும் மாற்றுகிறது. சிலிக்கான் ஏறத்தாழ 0.04 முதல் 0.15 விழுக்காடு வரை இருந்தால், கலப்புலோக அடுக்குகள் கட்டுக்கடங்காமல் வளர்கின்றன. இது சாண்டெலின் விளைவு எனப்படுகிறது. பூச்சு 200 மைக்ரோமீட்டரைத் தாண்டலாம். நிறம் மங்கிய சாம்பலாக இருக்கும். தடிமன் கூடியதால் ஆயுளும் கூடும். ஆனால் மென்மையான ஈட்டா அடுக்கு இல்லாமல் முழுவதும் கடினமான அடுக்குகளாக இருப்பதால், ஏற்றி இறக்கும்போது அடிபட்டால் சில்லுச் சில்லாகப் பெயரக்கூடும்.

மரை பொருந்தாமை: வழக்கமான 60 பாகைக் கோண மரையில் பூச்சு ஏறும்போது, மரையின் நடுவிட்டம் பூச்சுத் தடிமனைப் போல் 4 மடங்கு கூடுகிறது. 50 மைக்ரோமீட்டர் பூச்சு என்றால் 0.2 மில்லிமீட்டர். சாதாரண நட் இதில் ஏறாது. எனவே முக்கி எடுத்த போல்ட்டுகளுக்கு நட்டின் மரை சற்றுப் பெரிதாக, பெரும்பாலும் முலாம் பூசிய பின்னர், வெட்டப்படுகிறது. நட்டின் உள்மரையில் துத்தநாகம் இல்லாவிட்டாலும், அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் போல்ட்டின் துத்தநாகம் அதனையும் காக்கும். இதனை அறியாமல் முலாம் போல்ட்டில் சாதாரண நட்டை வலிந்து முறுக்கினால் மரையும் கெடும், முலாமும் உரியும்.

இறுக்கம் தளர்தல்: போல்ட் இட்டு முறுக்கிய இணைப்பில் தகடுகளுக்கு இடையே உள்ள மென்மையான துத்தநாகம் அழுத்தத்தில் மெல்ல நசுங்குகிறது. பூச்சு தடிமனாக இருந்தால் போல்ட்டின் இறுக்கம் அந்த அளவுக்குக் குறையும்.

பற்றவைப்புச் சிக்கல்: துத்தநாகம் 907 பாகை செல்சியஸில் கொதிக்கிறது. எஃகு உருகும் முன்பே அது ஆவியாகி, பற்றவைப்பில் துளைகளை உண்டாக்குகிறது. வெண்புகையாக எழும் துத்தநாக ஆக்சைடைச் சுவாசிக்கும் தொழிலாளருக்கு சில மணி நேரத்தில் குளிர், காய்ச்சல், உடல்வலி ஆகியவை வரும். இது உலோகப் புகைக் காய்ச்சல் எனப்படுகிறது. பூச்சு தடிக்கத் தடிக்கப் புகையும் மிகும். ஆகவே பற்றவைக்கும் இடத்தில் முலாமைத் தேய்த்து நீக்குவதும், காற்றோட்டமும், தகுந்த முகமூடியும் அவசியம். கார் உடற்பகுதித் தகடுகளில் பூச்சு பெரும்பாலும் ஒரு பக்கத்திற்கு 10 மைக்ரோமீட்டருக்கும் குறைவாகவே வைக்கப்படுகிறது. புள்ளிப் பற்றவைப்பும் அழுத்தி வடிவமைத்தலும் எளிதாக நடைபெற இது உதவுகிறது.

தடிமன் வேண்டுமென்று ஒருமுறை முலாம் பூசிய பொருளை மீண்டும் முக்கினாலும் பெரும் பயன் கிடைப்பதில்லை. ஏற்கெனவே வளர்ந்த அடுக்குகள் இரும்பும் துத்தநாகமும் சந்திப்பதைத் தடுத்து, வளர்ச்சியை மந்தமாக்குகின்றன. முக்குவதற்கு முன் எஃகின் மேற்பரப்பைக் கரடுமுரடாக்குதல், எஃகின் வகையைத் தெரிவு செய்தல் ஆகியவையே பயன் தரும் வழிகள்.

## தடிமன் உதவாத இடங்கள்

சில சூழல்களில் பூச்சு எவ்வளவு தடிமனாக இருந்தாலும் பயனில்லை.

- அமிலமும் கடுங்காரமும்: துத்தநாகம் ஈரியல்பு கொண்டது, அமிலம், காரம் இரண்டிலும் கரையும். புளிக்கரைசல், எலுமிச்சைச் சாறு, மோர் போன்ற புளிப்பானவற்றை ஜி.ஐ. வாளியில் வைத்தால் துத்தநாகம் அவற்றில் கரைந்து குமட்டலும் வாந்தியும் உண்டாக்கும். தடித்த முலாம் இதற்குத் தீர்வன்று. அத்தகைய பாத்திரத்தில் அவற்றை வைக்காமல் இருப்பதே தீர்வு.
- சுடுநீர்: ஏறத்தாழ 60 பாகை செல்சியஸுக்கு மேல் சிலவகை நீரில் துத்தநாகமும் இரும்பும் தம் மின்முனைப் பாத்திரத்தை மாற்றிக்கொள்ளக்கூடும். அப்போது துத்தநாகத்திற்குப் பதில் இரும்பு அரிக்கப்படும்.
- செம்பின் தொடர்பு: செம்புக் குழாயிலிருந்து சொட்டும் நீர் ஜி.ஐ. பரப்பின் மேல் விழுந்தால், அதிலுள்ள செம்பு அயனிகள் துத்தநாகத்தை விரைவில் அரிக்கும்.
- ஈரத்தோடு அடுக்கி வைத்தல்: புதிய தகடுகளை மழையில் நனைந்த நிலையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், இடையில் காற்று புகாமல் பாதுகாப்புக் கார்பனேட்டுப் படலம் உருவாகாது. பருத்த வெள்ளைப் பொடி தோன்றும். இது வெண்துரு எனப்படும். தகடுகளை உலர்ந்த இடத்தில், சற்றுச் சாய்வாக, இடையே காற்றோடும்படி வைக்க வேண்டும்.

## தடிமனை அளத்தல்

காந்தத் தடிமன்மானி: எஃகு காந்தத்தால் ஈர்க்கப்படும், துத்தநாகம் ஈர்க்கப்படாது. பூச்சு தடிக்கத் தடிக்க, மேலே வைத்த காந்தத்துக்கும் எஃகுக்கும் உள்ள ஈர்ப்பு குறைகிறது. இந்த அடிப்படையில் இயங்கும் கைக்கருவி, பொருளைச் சேதப்படுத்தாமல் சில வினாடிகளில் தடிமனைக் காட்டும். ஓரிடத் தடிமன் என்பது ஒற்றை அளவீடு அன்று. ஐ.எஸ்.ஓ. 1461இன்படி குறைந்தது 10 சதுர சென்டிமீட்டர் பரப்பில் குறைந்தது 5 அளவீடுகள் எடுத்துச் சராசரி காண வேண்டும்.

கரைத்து எடை காணல்: தகட்டுத் துண்டை எடை போட்டு, ஐதரோகுளோரிக் அமிலத்தில் துத்தநாகம் முழுவதும் கரையும் வரை வைத்து, கழுவி உலர்த்தி மீண்டும் எடை போடுவர். எஃகு கரையாமலிருக்க அமிலத்தில் தடுப்பான் ஒன்று சேர்க்கப்படும். எடுத்துக்காட்டாக, 10 சென்டிமீட்டர் பக்கமுள்ள சதுரத் துண்டு ஒன்று முதலில் 42.00 கிராமும் பின்னர் 39.25 கிராமும் இருந்தால், கரைந்த துத்தநாகம் 2.75 கிராம். துண்டின் பரப்பு ஒரு சதுர மீட்டரில் நூற்றில் ஒரு பங்கு. எனவே இரு பக்கமும் சேர்த்து ஒரு சதுர மீட்டருக்கு 275 கிராம். இவ்வினையில் எளிதில் தீப்பற்றும் ஐதரசன் வாயு வெளியேறுவதால், ஆய்வகத்தில் ஆசிரியர் மேற்பார்வையில், அருகில் நெருப்பின்றி மட்டுமே செய்ய வேண்டும்.

பிரீசு சோதனை: முலாம் பூசிய துண்டைச் செம்பு சல்பேட்டுக் கரைசலில் ஒரு நிமிடம் முக்கி எடுத்து, கழுவித் துடைத்து, மீண்டும் முக்குவர். துத்தநாகம் தீர்ந்து எஃகு வெளிப்பட்ட இடத்தில் ஒட்டிய செந்நிறச் செம்பு படியும். எத்தனை முக்குக்குப் பின் செம்பு படிகிறது, எங்கே முதலில் படிகிறது என்பதைக் கொண்டு பூச்சு எங்கே மெலிந்துள்ளது என அறியலாம். பூச்சின் சீர்மையை அறிய உதவும் இச்சோதனை, ஐ.எஸ். 2633 என்னும் இந்தியத் தரத்தில் இடம்பெற்றுள்ளது.

## சேதமும் பழுதுபார்ப்பும்

பற்றவைத்த இடம், வெட்டிய விளிம்பு, பெயர்ந்த பகுதி ஆகியவற்றில் துத்தநாகத் துகள் செறிந்த வண்ணப்பூச்சைப் பூசலாம். முலாம் தொட்டியிலிருந்து வந்த பொருளில் பூச்சு பிடிக்காத இடங்கள் மொத்தப் பரப்பில் 0.5 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்றும், பழுதுபார்க்கும் பூச்சு பொதுவாகக் குறைந்தது 100 மைக்ரோமீட்டர் இருக்க வேண்டும் என்றும் ஐ.எஸ்.ஓ. 1461 கூறுகிறது. வண்ணப்பூச்சு, கலப்புலோகப் பிணைப்பு இன்றி மேலே ஒட்டி நிற்பதால் இந்தக் கூடுதல் தடிமன் தேவைப்படுகிறது.

முலாமின் மேல் முறையாக வண்ணம் பூசினால், துத்தநாகம் செலவாவதை வண்ணம் தடுக்கிறது. வண்ணத்தில் கீறல் விழுந்த இடத்தைத் துத்தநாகம் காக்கிறது. இரண்டும் சேர்ந்து தரும் ஆயுள், அவை தனித்தனியே தரும் ஆயுள்களின் கூட்டுத்தொகையை விட அதிகமாகும்.

## பிற பூச்சுகளில் தடிமன்

பூச்சு எதற்காகப் பூசப்படுகிறதோ அதைப் பொறுத்துத் தேவையான தடிமன் பெரிதும் மாறுகிறது.

- வெள்ளீய முலாம்: உணவு டப்பாத் தகட்டில் ஒரு பக்கத்திற்கு 2.8 கிராம் வெள்ளீயம் என்றால் தடிமன் 0.4 மைக்ரோமீட்டருக்கும் குறைவு. பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுதல் என்று வழக்கில் கூறப்படுவதும் வெள்ளீயப் பூச்சே. தேய்த்துக் கழுவுவதால் அது மெலிந்து பித்தளை தெரியத் தொடங்கினால் மீண்டும் பூச வேண்டும்.
- அலுமினிய ஆக்சைடுப் படலம்: சன்னல் சட்டங்களுக்கு வெளிப்புறப் பயன்பாட்டில் 15 முதல் 25 மைக்ரோமீட்டர் வரை வளர்க்கப்படுகிறது.
- ஒளி எதிரொளிப்பைக் குறைக்கும் பூச்சு: மூக்குக் கண்ணாடி, ஒளிப்படக் கருவி வில்லைகளில் மக்னீசியம் புளோரைடு படலத்தின் தடிமன் ஏறத்தாழ 0.1 மைக்ரோமீட்டர். படலத்திற்குள் ஒளியின் அலைநீளத்தில் கால் பங்காக இது இருக்க வேண்டும். இங்கே தடிமன் கூடினாலும் குறைந்தாலும் பயன் கெடும்.
- வெப்பத் தடுப்புப் பூச்சு: வளிமச் சுழலிகளின் இதழ்களில் பூசப்படும் சிர்க்கோனியா பீங்கான் பூச்சு, தடிமனாக இருந்தால் உலோகத்தை நன்கு குளிர்ச்சியாக வைக்கும். ஆனால் சூடேறிக் குளிரும்போது உண்டாகும் தகைவு மிகுந்து உரிந்து விழும் அபாயமும் கூடும்.

## தடிமனைத் தெரிவு செய்தல்

துத்தநாக முலாம் பூசிய பொருளை வாங்கும்போதும் வடிவமைக்கும்போதும் நான்கு செய்திகளைக் கருத வேண்டும்.

1. பொருள் நிற்கப்போகும் சூழல் எது? கடலிலிருந்து எவ்வளவு தொலைவு, அருகில் புகை கக்கும் ஆலை உண்டா, மழை கழுவும் இடமா என்பவை இதில் அடங்கும்.
2. எத்தனை ஆண்டுகள் நிற்க வேண்டும்? எளிதில் மாற்றக்கூடிய தற்காலிகக் கொட்டகைக்கும், ஏறிப் பழுதுபார்க்க இயலாத மின்கோபுரத்திற்கும் ஒரே தடிமன் தேவையில்லை.
3. பூசிய பின் வளைக்க, பற்றவைக்க, மரை முறுக்க வேண்டுமா? ஆம் எனில் மெல்லிய, மென்மையான பூச்சு ஏற்றது. இல்லையெனில் எல்லா வேலையும் முடித்த பின் முக்கி எடுப்பது சிறந்தது.
4. பூச்சின் அளவு எழுத்தில் தரப்பட்டுள்ளதா? தகட்டின் கனம் எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்பதோடு நிற்காமல், பூச்சு எத்தனை ஜி.எஸ்.எம்., அது இரு பக்கமும் சேர்த்ததா என்றும் கேட்க வேண்டும். தகட்டில் அச்சிடப்பட்ட குறியீட்டிலோ ஆலையின் சோதனைச் சான்றிதழிலோ இவ்விவரம் இருக்கும்.

தகட்டின் கனம் அதன் வலிமையையும், பூச்சின் கனம் அந்த வலிமை நீடிக்கும் காலத்தையும் தீர்மானிக்கின்றன. கனமான தகட்டில் மெல்லிய முலாம் இருந்தால், முலாம் தீர்ந்த நாள் முதல் அதுவும் சாதாரண இரும்பைப் போலவே துருப்பிடிக்கும்.